கேட்பவரைக் கேட்பது யார்?

மழை விட்டும் தூவானம் விடாத மாலை இது. அப்படியிருந்தும் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதற்கே முதலில் நன்றி சொல்ல வேண்டும்.

சென்னையில் நின்றுகொண்டு ‘ஐ.சி.எஃப்.’ என்று சொன்னால் உங்களுக்கு என்ன நினைவு வரும்? பெரம்பூர் நினைவு வரும். ரயில் பெட்டித் தொழிற்சாலை நினைவு வரும். 1955-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி நேரு தொடங்கி வைத்த தொழிற்சாலை அது. என் அப்பா அங்கே வெல்டர். நான் பிறந்து வளர்ந்தது வில்லிவாக்கத்தில். எங்கள் தெருக் கொடிகளில் பாதி, தொழிற்சாலைச் சீருடைக்கென்றே கட்டியவை.

19 வருஷம் ஓர் ஆலையின் மனிதவளத் துறையில் வேலை பார்த்துவிட்டு, அதை விட்டு, கோச்சிங் தொழிலுக்கு வந்தேன். படித்து, தேர்வு எழுதி, ஒரு சான்றிதழ் வாங்கினேன். அதைக் கொடுத்த அமைப்பின் பெயர் இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன். சுருக்கினால் அதுவும் ஐ.சி.எஃப். அப்பா அந்தத் தாளைக் கையில் வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். “நீயும் ஐ.சி.எஃப்.லதான் சேந்திருக்கியாம்மா?” என்று கேட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி.

“இது வேற ஐ.சி.எஃப்.ப்பா. இங்க பெட்டி செய்ய மாட்டாங்க. ஒருத்தர் தன்னோட வேலையிலயோ வாழ்க்கையிலயோ ஓர் இடத்துக்குப் போகணும்னு நினைக்கிறாரு. அவரு யோசிக்கிறதுக்குக் கூட உக்காந்து துணை செய்யறவங்க பேரு கோச்” என்றேன்.

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சொன்னார்: “நாங்க செஞ்ச பெட்டி தானா ஓடாதும்மா. எஞ்சின் வேற எங்கிருந்தோ வரும்.”

இந்தத் தொழிலைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் படித்திருக்கிறேன், எத்தனையோ வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவு சரியாக யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. எஞ்சின் எதிரில் உட்கார்ந்திருப்பவருடையது. நான் பெட்டி.

அப்பா சொன்னதற்கும் ‘கோச்’ என்ற சொல்லின் பிறப்புக்கும் தொடர்பு இருக்கிறது. ஹங்கேரி நாட்டில் கோச் என்ற கிராமம் உண்டு. 15-ஆம் நூற்றாண்டில் அங்கே செய்த குதிரை வண்டிகள் ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கின. ஊர் பெயரே வண்டிக்குப் பெயராயிற்று. பிறகு 1830 வாக்கில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், தங்களைத் தேர்வில் கரையேற்றிவிடும் தனி ஆசிரியரை ‘கோச்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதன்பின் படகுப் போட்டிக்குப் போனது, பந்தாட்டத்துக்குப் போனது. நம் ஊரிலோ நீட் தேர்வுக்கும் கோச்சிங், ரயிலில் எஸ்-5-உம் கோச், கிரிக்கெட்டுக்கும் கோச். அதனால்தான் என் தொழிலை யாரிடம் சொன்னாலும் இரண்டாவது கேள்வி, “எந்த சப்ஜெக்ட்?” என்று வருகிறது.

எந்த சப்ஜெக்டும் இல்லை. இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான். சொல்லிக் கொடுக்காத ஒருவர் எப்படிப் பயன்படுவார்? அப்படி ஒரு தொழில் செய்பவர்கள் ஏன் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஒரு கூட்டமாக நிற்க வேண்டும்?

கலிஃபோர்னியாவுக்குப் போவோம். 1970-களின் தொடக்கம். திமோதி கால்வே என்று ஒருவர். ஹார்வர்டு பல்கலைக்கழக டென்னிஸ் அணியின் தலைவராக இருந்தவர், டென்னிஸ் சொல்லித் தருகிறார். கையை இப்படி வை, முட்டியை மடக்கு, மட்டையைக் கீழிருந்து கொண்டு வா. சொல்லச் சொல்ல மாணவர் உடம்பு இறுகுகிறது. ஒரு நாள் கால்வே பேச்சைக் குறைத்துப் பார்க்கிறார். ஆட்டம் மேம்படுகிறது! இன்னும் குறைக்கிறார். இன்னும் மேம்படுகிறது.

அவர் செய்த ஒரு பயிற்சியை உங்கள் கண்முன் வைக்கிறேன். மாணவரிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: “பந்து தரையில் படும்போது ‘பட்டது’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மட்டையில் படும்போது ‘அடி’ என்று சொல்லுங்கள். வேறெதைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம்.” பட்டது, அடி. பட்டது, அடி. மாணவர் வாய் அந்தச் சொற்களில் இருக்கிறது, கண் பந்தில் இருக்கிறது. ‘நான் சரியாகத்தான் ஆடுகிறேனா? பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?’ என்று உள்ளே நச்சரிக்கும் குரலுக்கு இடமில்லாமல் போகிறது. கை தானாக வேலையைக் கற்றுக்கொள்கிறது. எதிரே வலைக்கு அந்தப் பக்கம் நிற்பவரைவிட நமக்குள்ளே பேசுகிற அந்தக் குரல்தான் பெரிய எதிராளி என்று 1974-இல் ஒரு புத்தகம் எழுதினார் கால்வே. ‘டென்னிஸின் அக ஆட்டம்’ என்று தமிழில் சொல்லலாம். அதைத் தேடி வாங்கியவர்களில் டென்னிஸ் மட்டையைத் தொட்டே பார்க்காதவர்கள் ஏராளம்.

அந்தக் கருத்தை இங்கிலாந்துக்குக் கொண்டு போய் நிறுவனங்களுக்குள் நுழைத்தவர்களில் ஒருவர் ஜான் விட்மோர். கார் பந்தய வீரர். 1965-இல் ஐரோப்பியப் பட்டம் வென்றவர். எங்கே போக வேண்டும், இப்போது எங்கே நிற்கிறாய், என்னென்ன வழி இருக்கிறது, எதைச் செய்யப் போகிறாய் என்ற நான்கு படிக் கேள்வி முறையை 1992-இல் அவர் எழுதிய புத்தகம் உலகமெங்கும் கொண்டு சேர்த்தது. அதே 1992-இல் அமெரிக்காவில் தாமஸ் லியோனார்டு என்ற நிதி ஆலோசகர் கோச்சுகளுக்கென்று ஒரு பள்ளி தொடங்கினார். அவரிடம் வந்தவர்கள் பணத்தைப் பற்றிப் பேச வந்து, பணத்தைத் தாண்டிப் பேசினார்கள். அவர்களுக்கு நோய் எதுவும் இல்லை. ஆனால் கூட உட்கார்ந்து யோசிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் சொன்ன அந்த இன்னொரு ஐ.சி.எஃப். 1995-இல் பிறந்தது. அதற்கும் வித்திட்டவர் லியோனார்டுதான். பெரம்பூர்த் தொழிற்சாலை தொடங்கிய அதே 1955-இல் பிறந்தவர் அவர் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டு, அப்பாவிடம் போய்ச் சொன்னேன்.

“சப்ஜெக்ட் தெரியாமல் எப்படிம்மா?” என்று இன்னும் சிலருக்குத் தோன்றும். நியாயமான கேள்வி. நம் சென்னைப் பிள்ளையையே எடுத்துக்கொள்வோம். 2024 டிசம்பர் 12. சிங்கப்பூர். 18 வயது குகேஷ், டிங் லிரெனை வென்று உலக சதுரங்கப் பட்டம் சூடுகிறார். காய் நகர்த்தலுக்கு அவருக்குப் பயிற்சியாளர் இருந்தார், போலந்தின் கிராண்ட்மாஸ்டர் கயெவ்ஸ்கி. அவரோடு இன்னொருவரும் இருந்தார், பேடி அப்டன். தென்னாப்பிரிக்காக்காரர், கிரிக்கெட் உலகத்திலிருந்து வந்தவர். 2011-இல் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியோடு இருந்தவர். குகேஷுக்கு ஒரு நல்ல நகர்த்தல் சொல்லித் தர அவரால் முடியுமா? முடியாது. பிறகு அவர் எதற்கு?

14 ஆட்டங்கள் கொண்ட போட்டி அது. 12-ஆவது ஆட்டத்தில் குகேஷ் தோற்கிறார். மீதம் இரண்டே ஆட்டம். தூக்கம் சரியில்லை. அப்டனிடம் அதைப் பேசி, சில மாற்றங்கள் செய்து, கடைசி நாட்களில் நன்றாகத் தூங்கினேன் என்று குகேஷே சொல்லியிருக்கிறார். குதிரையை எங்கே வைப்பது என்று குகேஷுக்குத் தெரியும். தெரிந்ததைத் தெரிந்தபடி செய்ய விடாமல் நடுவில் நிற்பது எது? அதைப் பேசுவதற்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

நண்பர்களே, தமிழ் எனக்கு ஒரு பெரிய உதவி செய்திருக்கிறது. ‘கேள்’ என்ற நம் சொல்லைப் பாருங்கள். கேள்வி கேட்பதும் கேட்டல், காது கொடுப்பதும் கேட்டல். வள்ளுவர் ‘கேள்வி’ என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார், 42-ஆவது அதிகாரம். அங்கே கேள்வி என்றால் காதால் கேட்டுப் பெறும் அறிவு. ஒரு கோச்சின் வேலை முழுவதும் இந்த ஒரு வினைச்சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. கேட்பது, பிறகு கேட்பது.

எளிதாகத் தோன்றுகிறது அல்லவா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

இந்த இடத்தில் வேறு பேச்சாளராக இருந்தால் தன்னிடம் வந்த ஒருவரின் கதையைச் சொல்வார். நான் சொல்ல முடியாது. எங்கள் அறையில் பேசியது அறையைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் ஒழுங்கு. அதனால் என் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

தொடக்க நாட்களில், வந்தவரின் அனுமதியோடு ஓர் உரையாடலைப் பதிவு செய்து, எனக்கு வழிகாட்டியாக இருந்த மூத்த கோச் ஒருவருக்கு அனுப்பினேன். 40 நிமிஷப் பதிவு. நன்றாக வந்திருக்கிறது என்று எனக்குள் ஒரு நிறைவு. இரண்டு நாள் கழித்து அந்த அம்மா ஃபோன் செய்தார்.

“இந்த நாப்பது நிமிஷத்துல நீங்க எவ்வளவு நேரம் பேசியிருப்பீங்கன்னு நினைக்கிறீங்க?”

“ஒரு பத்து நிமிஷம் இருக்கும், மேடம்.”

“இருபத்து மூணு நிமிஷம்.”

என் கையில் காபி டம்ளர் இருந்தது. கீழே வைத்துவிட்டேன்.

“பரவால்ல. பதினாலாவது நிமிஷத்தை மட்டும் போட்டு, ஹெட்போன் வச்சுக் கேளுங்க. என்ன கேட்டுதுன்னு அப்புறம் சொல்லுங்க.”

கேட்டேன். 14-ஆவது நிமிஷத்தில் நான் ஒரு கேள்வி கேட்டிருக்கிறேன்: “இதுல உங்களுக்கு எது முக்கியம்?” நல்ல கேள்விதான். அவர் பதில் சொல்லவில்லை. உடனே நான், “பதவி உயர்வா, குடும்பமா?” என்று நானே இரண்டு பெட்டிகளைத் திறந்து நீட்டியிருக்கிறேன். அவரும் மரியாதைக்கு அதில் ஒன்றை எடுத்துக்கொண்டார். உரையாடல் ஓடிவிட்டது.

மறுபடி கேட்டேன். மறுபடியும் கேட்டேன். நான்காவது தடவைதான் காதில் விழுந்தது. என் கேள்விக்கும் என் அவசரத்துக்கும் இடையில் ஒரு சின்ன ஓசை. அவர் மூச்சை உள்ளே இழுத்திருக்கிறார். பேசுவதற்கு முன் ஒரு மனிதர் இழுக்கும் மூச்சு. ஏதோ சொல்ல வந்திருக்கிறார். நான் அதன் மேல் ஏறிப் பேசிவிட்டேன்.

என்ன சொல்ல வந்தார்? எனக்குத் தெரியாது. இனிமேல் தெரியவும் தெரியாது. அவர் பேசிய ஒரு சொல்லைக்கூட உங்களிடம் நான் சொல்லவில்லை, அவர் இழுத்த ஒரு மூச்சை மட்டும் சொன்னேன். அந்த மூச்சு என்னை இன்னும் விட்டபாடில்லை.

சரி, அந்த மூத்த கோச் இல்லாவிட்டால் நான் என்ன செய்திருப்பேன்? ‘நன்றாக வந்தது’ என்ற நிறைவோடு அடுத்தவரிடம் போயிருப்பேன். அவருடைய மூச்சின் மேலும் ஏறிப் பேசியிருப்பேன். எத்தனை வருஷம்? யார் வந்து சொல்லியிருப்பார்கள்? எதிரில் இருப்பவர் சொல்ல மாட்டார். அவருக்கே தெரியாது. ஊரார் பேச்சைக் கேட்டுக் கேட்டு, நாமே நல்ல காது என்று நம்பிவிடுகிறோம். நம்மைக் கேட்பது யார்?

இது கோச்சுகளுக்கு மட்டும் வரும் குறையா? அதுல் கவாண்டே என்று ஓர் அறுவை சிகிச்சை மருத்துவர், நல்ல எழுத்தாளரும்கூட, இந்தியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர். தொழிலுக்கு வந்து எட்டு வருஷம் ஆன நிலையில், தன் திறமை ஏறுவது நின்றுவிட்டது என்று அவருக்குத் தோன்றியது. உலகத் தரத்து டென்னிஸ் வீரருக்குக்கூட கோச் இருக்கிறார், மருத்துவருக்கு ஏன் இல்லை என்று யோசித்தார். தனக்குக் கற்பித்த, ஓய்வு பெற்ற ஆசிரியர் ராபர்ட் ஆஸ்டீனைத் தன் அறுவை அறைக்கு வந்து நின்று பார்க்கச் சொன்னார். 2011-இல் அதை ஒரு கட்டுரையாக எழுதியிருக்கிறார்.

தைராய்டு அறுவை சிகிச்சை. நன்றாகவே முடிந்தது. ஆசிரியர் ஒன்றும் பெரிதாகச் சொல்லப் போவதில்லை என்றுதான் கவாண்டே நினைத்தார். ஆஸ்டீனோ குறித்து வைத்திருந்தார். நோயாளி மேல் துணி போர்த்திய விதம் உனக்கு வசதியாக இருந்தது, எதிரில் நின்ற உதவியாளருக்கு இல்லை. உன் முழங்கை சில நேரம் தோள் உயரத்துக்குப் போகிறது. அப்புறம் அந்த விளக்கு. நடுவில் விளக்கு நகர்ந்துவிட்டது. ஏறக்குறைய அரை மணி நேரம் நேர் வெளிச்சம் இல்லாமல், சுற்றிலும் பட்டுத் தெறித்த வெளிச்சத்தில் அறுத்துக்கொண்டிருந்தாய். அது உனக்குத் தெரியவே இல்லை.

யோசித்துப் பாருங்கள். எத்தனையோ அறுவைகள் செய்த கை. வெளிச்சம் போனதே தெரியவில்லை! அறையில் செவிலியர் இருந்தார், உதவியாளர் இருந்தார். ஆனால் அவர்கள் யாரும் அதைப் பார்க்கவென்று அங்கே நிற்கவில்லை. அந்த ஒரே வேலையாக ஒருவர் வந்து நின்றால்தான் கண்ணில் பட்டது.

இப்போது மனசை உறுத்தும் ஒரு விஷயத்தையும் இந்த அவையில் சொல்லிவிடுகிறேன். மருத்துவராக வேண்டுமானால் பட்டம் வேண்டும், பதிவு வேண்டும். வக்கீல் ஆக வேண்டுமானால் பார் கவுன்சில் வேண்டும். கோச் ஆவதற்கு? சட்டப்படி ஒன்றும் வேண்டாம். நாளைக் காலையில் வாசலில் பலகை மாட்டிக்கொள்ளலாம்.

எங்கள் உறவில் ஒரு பையன். வேலை போய்விட்டது. ராத்திரி தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, யாரோடும் பேச்சில்லை. யாரோ சொல்லி, வாழ்க்கைக் கோச் என்று பலகை மாட்டிய ஒருவரிடம் போனான். மூன்று நாள் முகாம். கடன் வாங்கிக் கட்டிய கட்டணம். ‘எழுந்து நின்று கத்து, வென்றுவிட்டேன் என்று கத்து’ என்றிருக்கிறார்கள். கத்திவிட்டு வந்தான். வந்து, முன்னைவிட மோசமாகப் படுத்துவிட்டான், தன்னால் கத்தக்கூட முடியவில்லையே என்று. அவனுக்கு அன்று வேண்டியிருந்தது மனநல மருத்துவர். பிறகு அழைத்துப் போனோம், மருந்து கொடுத்தார்கள், இன்று நன்றாக இருக்கிறான். ஆனால் போன அந்த நான்கு மாதம்?

எங்கே நம் வேலை முடிகிறது, எங்கே மருத்துவரின் வேலை தொடங்குகிறது என்று தெரிவது கோச்சுக்கு அரிச்சுவடிப் பாடம். தெரியாதவர் கையில் இந்தத் தொழில் ஆபத்து. நான் கோபமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் பலகையில் இருந்த அதே சொல்தான் என் விசிட்டிங் கார்டிலும் இருக்கிறது.

சட்டம் வேலி போடாத இடத்தில் யார் வேலி போடுவது? தொழில் செய்பவர்களேதான் கூடிப் போட்டுக்கொள்ள வேண்டும். ஐ.சி.எஃப். சான்றிதழில் மூன்று நிலை உண்டு. முதல் நிலைக்கு 100 மணி நேரம், இரண்டாம் நிலைக்கு 500, மூன்றாம் நிலைக்கு 2,500 மணி நேரம் உண்மையான மனிதர்களோடு உட்கார்ந்திருக்க வேண்டும். படிப்பு தனி. மூத்த கோச் ஒருவர் நம் உரையாடலைக் கேட்டுத் திருத்தும் 10 மணி நேரம் தனி, அதையும் குறைந்தது மூன்று மாதமாவது பரப்பிச் செய்ய வேண்டும். ஒரே வாரத்தில் முடித்துத் தரச் சொன்னால் நடக்காது. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். சான்றிதழ் இருப்பவரெல்லாம் நல்ல கோச் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இன்னொருவர் காதுக்குத் தன் வேலையைத் திறந்து காட்டியவர் என்ற அளவுக்காவது அந்தத் தாளை நம்பலாம்.

தாளைவிட எனக்குப் பெரிது கூட்டாளிகள். ஒரு சம்பவம். ஒரு நிறுவனம் தன் அதிகாரி ஒருவருக்காக என்னை அமர்த்தியிருந்தது. பணம் கொடுப்பது நிறுவனம், பேசுவது அதிகாரி. எங்கள் தொழிலில் இது வழக்கம், சிக்கலும் அங்கேதான். ஒரு நாள் மேலிடத்திலிருந்து ஃபோன். “என்னம்மா, அவரு வேலையை விட்டுட்டுப் போற எண்ணத்துல இருக்காரா? உங்ககிட்ட சொல்லியிருப்பாரே!” மென்மையாகத்தான் கேட்டார். சொல்ல மாட்டேன் என்று தெரியும். ஆனால் எப்படிச் சொல்வது? அடுத்த வருஷ ஒப்பந்தம் அவர் கையில். என் மகளின் கல்லூரிக் கட்டணம் என் தலையில். “நாளைக்குக் கூப்பிடறேன் சார்” என்று வைத்துவிட்டேன்.

அன்று மாலை எங்கள் கோச் குழு கூடும் நாள். நாங்கள் ஆறு பேர். ஊர் பேர், ஆள் பேர் எதுவும் சொல்லாமல் நிலைமையை மட்டும் வைத்தேன். ஒருவரும் அறிவுரை சொல்லவில்லை. ஒருவர் கேட்டார்: “அவர் கேட்டப்ப உங்களுக்கு எதுக்குப் பயம்?” இன்னொருவர் கேட்டார்: “ஆரம்பத்துல மூணு பேரும் ஒண்ணா உக்காந்து பேசினீங்களா?” அங்கேதான் எனக்கு உறைத்தது. பேசவில்லை. எதை நிறுவனத்துக்குச் சொல்வோம், எதைச் சொல்ல மாட்டோம் என்று மூன்று பேரும் சேர்ந்து முதல் நாளே தெளிவாக்கியிருக்க வேண்டும். தாளில் கையெழுத்து இருந்தது, பேச்சு நடக்கவில்லை. தவறு என்னுடையது.

மறுநாள் மேலிடத்தாரிடம் போய் அதையே சொன்னேன். மூன்று பேரும் உட்கார்ந்தோம், திரும்பப் பேசினோம். அடுத்த வருஷம் ஒப்பந்தம் வரவில்லை. ஆனால் எந்தக் கூட்டத்தில் பார்த்தாலும் அந்த அதிகாரியின் கண்ணைப் பார்த்து என்னால் வணக்கம் சொல்ல முடிகிறது.

தனியாக இருந்திருந்தால் அந்த இரவில் என்ன முடிவு எடுத்திருப்பேன்? நல்ல முடிவுதான் எடுத்திருப்பேன் என்று சொல்ல ஆசை. உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பேச்சு போதும். வெளியே தாழ்வாரத்தில் நாற்காலிகளை மும்மூன்றாகப் போட்டு வைத்திருக்கிறோம். எங்கள் குழு சனிக்கிழமைகளில் செய்யும் பயிற்சி அது. ஒருவர் தன் மனதில் ஓடும் ஒரு விஷயத்தைப் பேச வேண்டும், சின்னதாக இருந்தால் போதும். ஒருவர் கேட்க வேண்டும். மூன்றாமவர் வாயே திறக்காமல் ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். கேள்விக்குப் பிறகு எத்தனை நொடி மௌனம் இருந்தது, யார் அதை உடைத்தார்கள், யாருடைய மூச்சு எங்கே நின்றது. பத்து நிமிஷம் ஆனதும் இடம் மாறிக்கொள்ளலாம். காபி சூடாக இருக்கிறது. மழைக்கு இன்னும் கொஞ்ச நேரம் இங்கேதான் இருக்க வேண்டியிருக்கும். பக்கத்தில் இருக்கும் முன்பின் தெரியாத இரண்டு பேரைக் கூப்பிட்டுக்கொண்டு வாருங்கள். மூன்றாவது நாற்காலியில் முதலில் நான் உட்காருகிறேன்.